தேக்கடியா, முதுமலையா

என் நைனா உத்திரமேரூருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நேரம் என்றால் அவருக்கு உயிர். மாப்பிள்ளைக் கோலத்தில் ஒருவன் மாலையோடு ஓடிவந்தாலும் வண்டியை அரை நிமிஷம் கூட நிறுத்தி வைக்க மாட்டார் என்று எங்கள் தெருவில் சொல்லுவார்கள். பாராட்டாகவும் சொல்வார்கள், திட்டாகவும் சொல்வார்கள்.

அந்த பஸ் முதலாளி வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி ஆட்களைக் குடும்பத்தோடு ஒரு வண்டியில் ஏற்றி எங்காவது சுற்றிப் பார்க்க அனுப்பி வைப்பார். முதல் வருஷம் திருப்பதி, மறு வருஷம் பழனி. முதல் மொட்டையில் முடி சரியாக முளைப்பதற்குள் அடுத்த மொட்டை விழுந்தது. மூன்றாம் வருஷம் முதலாளியின் மகன் மதராஸில் காலேஜ் முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தார். சாமியையே எத்தனை தரம் பார்ப்பது, இந்தத் தடவை காட்டு மிருகங்களைப் பார்க்கலாமே என்று அவர்தான் கிளப்பிவிட்டார். தேக்கடி, முதுமலை என்று இரண்டு காடுகளின் பெயரையும் சொன்னார். கிடைப்பது நான்கு நாள். இரண்டுக்கும் போக முடியாது. வண்டி ஓட்டப் போகிறவரே ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லட்டும் என்று முதலாளி நைனாவிடம் விட்டுவிட்டார். இப்படியாகத்தான் அந்த இரண்டு காடுகளும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தன.

பக்கத்து வீட்டில் இருந்த கண்டக்டரின் மனைவிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "மிருகம் பாக்க அம்மாந் தூரம் இன்னாத்துக்கு? வேடந்தாங்கல் இங்கியே கீது. பறவையப் பாத்துட்டு பொயுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வந்து சோறாக்கலாம்" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. அண்ணனுக்குப் பதினொன்று. முதலாளியின் மகன் ஒரு பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தை அண்ணனிடம் கொடுத்திருந்தார். பெரிய ஏரி, நடுவே ஒரு படகு, கரையில் தண்ணீர் குடிக்கும் யானைக் கூட்டம். அதுதான் தேக்கடி. முதுமலைக்குப் படம் கிடைக்கவில்லை. கஞ்சியைத் தடவி அண்ணன் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டியபோதே எங்கள் வரையில் விஷயம் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள், "முதுமலைக்கே போலாம்."

என் அம்மா எதையும் வேண்டும் என்று கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. தீபாவளிக்கு நைனா எடுத்து வரும் புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நன்றாக இருக்கிறது என்பாள். அப்படிப்பட்டவள் வாயைத் திறந்ததும் அண்ணன் படகைப் பற்றிக் கத்த ஆரம்பித்தான்.

"படகாம் படகு. உனக்குத் தண்ணியில கண்டம்னு ஜோசியர் சொல்லிக் கீறாரு. என் கண்ணு முன்னால நீ வுயுந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"தெனிக்கும் ஏரியிலதான் நீஞ்சிக்கினு கீறேன். அங்க வராத கண்டம் தேக்கடியில வருமா?"

கண்டம் பலிக்கவில்லை என்றதும் அம்மா வேறு காரணங்களை எடுத்தாள். தேக்கடி மலையாள தேசம். அங்கே சோறு கொட்டை கொட்டையாக இருக்கும். அட்டை கடிக்கும். படகுக்காரனுக்கு நம் பாஷை தெரியாது. நைனா தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"முதுமலையில மட்டும் இன்னா கீது?" என்றார் கடைசியில்.

அம்மா குழம்புச் சட்டியைக் கலக்கினாள். கலக்க அதில் ஒன்றும் இல்லை. "அதுக்குக் கூடலூர் வழியாத்தானே போவணும்?" என்று கேட்டாள்.

நைனாவின் கை தட்டிலேயே நின்றது. பச்சை மிளகாயைக் கடித்துவிட்டார் என்று நினைத்து நான் தண்ணீரை நகர்த்தினேன். அவர் தண்ணீரை எடுக்கவில்லை. "ஆமா, கூடலூர் வழியாத்தான்" என்றார். பிறகு, தான் டிரைவர், வண்டி எங்கே போனாலும் தனக்கு ரோடுதான் தெரியப்போகிறது, அதனால் மற்ற மூன்று பேரும் நாளைக்கு ஆளுக்கொன்று சொல்லட்டும், எது அதிகமோ அதுதான் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அண்ணன் தேக்கடி. அம்மா முதுமலை. மிச்சம் நான்தான். அதுவரை அந்த வீட்டில் யாரும் என்னை எதற்கும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் தலை வாரும்போது அம்மாவின் கை வழக்கத்தைவிட மெதுவாக இறங்கியது. சிக்கு விழுந்த இடத்தில் கூட இழுக்கவில்லை. சிவப்பு ரிப்பன் இரண்டு முழம் வாங்கித் தருவதாகச் சொன்னாள். நான் பேசாமல் இருந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் என்றாள். அதற்கும் பேசாமல் இருந்தேன். "அம்மாவுக்காக ஒரு வாட்டி சொல்லுடி கண்ணு" என்றாள். அம்மா என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அது கெஞ்சல் என்று எனக்குப் படவில்லை. விலை ஏறுகிறது என்றுதான் பட்டது. ஒரு மாதத்துக்குக் கிணற்றடிக்குப் போக மாட்டேன், தண்ணீரை அண்ணன்தான் எடுத்து வர வேண்டும் என்றேன். அம்மா உடனே ஒப்புக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமோ என்று அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நான் முதுமலை என்றேன். அண்ணன் என்னைத் துரோகி என்றான். அப்போதுதான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தான். எங்கே பயன்படுத்துவது என்று காத்துக்கொண்டிருந்த சொல். இரண்டு குடம் தண்ணீர் சுமந்த பிறகு வேறு சொற்களும் சொன்னான்.

நைனா அதுவரை மலையில் வண்டி ஓட்டியதில்லை. எங்கள் ஊர் ரைஸ் மில்லிலிருந்து நீலகிரிக்கு அரிசி ஏற்றிப் போய் உருளைக்கிழங்கோடு திரும்பும் ஒரு லாரி டிரைவரைத் தேடிப் போனார். நானும் கூடப் போனேன். அந்த ஆள் மில் வாசலில் குந்திக்கொண்டு, குச்சியால் மண்ணில் வளைவு வளைவாகக் கோடு போட்டுக் காட்டினார். எங்கே எந்த கியர், எங்கே ஹாரன் என்று நைனா கேட்டுக் கேட்டு மனசில் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது மடித்த காகிதம் ஒன்றை லாரிக்காரரின் சட்டைப் பையில் வைத்து, குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டினார். அதுவும் ரோட்டைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.

அம்மா அதிரசம் சுட்டாள். முறுக்கு பிழிந்தாள். அத்தனையையும் ஒரு துணிப்பைக்குள் போட்டு, இன்னும் எதையெதையோ திணித்து, பையின் வாயை ஊசியால் தைத்துவிட்டாள். வழியில் தின்னப் போகிறோம் என்று நாங்கள் பொறுத்துக்கொண்டோம்.

அரைப் பரீட்சை லீவில் புறப்பட்டோம். முதல் நாள் முழுக்க ஓடி மேட்டுப்பாளையத்தில் ஒரு சத்திரத்தில் படுத்தோம். மறுநாள் மலை. ஒவ்வொரு வளைவிலும் கண்டக்டரின் மனைவி கோவிந்தா என்றாள். பாதி மலை ஏறுவதற்குள் முழு பஸ்ஸும் கோவிந்தா போட்டது. நைனாவின் சட்டை அந்தக் குளிரிலும் முதுகோடு ஒட்டியிருந்தது. ஊட்டியில் இறங்கி எல்லாரும் வாயிலிருந்து புகை விட்டு விளையாடினார்கள். அம்மா மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிரசத்துக்கு இப்படி ஒரு காவலா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுபக்கம் இறங்கிக் கூடலூருக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. லேசான தூறல். பஸ் ஸ்டாண்டுக்குள் போய் நைனா வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார்.

"இன்னாண்ணே ஆச்சு? நல்லாத்தானே வந்திச்சு?" என்றார் கண்டக்டர்.

"சூடேறிப் போச்சு. ஒரு மணி நேரம் ஆவும். எல்லாம் போய் டீ சாப்புடுங்க."

முதலாளியின் மகன் கையைப் பிசைந்தார். பொழுதோடு போனால்தான் மிருகங்கள் ஆற்றுக்கு வருவதைப் பார்க்கலாம் என்றார். மலை இறங்கிய வண்டியை ஆற வைக்காமல் எடுத்தால் பிரேக் பிடிக்காது என்று நைனா எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். அண்ணன் ரேடியேட்டரின் மேல் கையை வைத்து, "சூடே இல்லியே நைனா" என்றான். அவனுக்கும் டீ குடிக்கக் காசு கிடைத்தது. டீ குடித்தால் கறுத்துப் போவாய் என்று அதுவரை அவனுக்கு டீயே கொடுத்ததில்லை.

அப்போது ஒரு பெண் குடையோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். நர்ஸுகள் கட்டுகிற மாதிரி வெள்ளைப் புடவை, இடுப்பில் ஒரு குழந்தை. அம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள்.

"இளைச்சிட்ட" என்றாள் அம்மா.

"நீதாங்க்கா இளைச்சிக் கீற."

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மா பையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு புதுப் புடவை வந்தது. மஞ்சள் கிழங்கு, கண்ணாடி வளையல், குழந்தைக்கு ஒரு வெள்ளிக் காப்பு, அப்புறம் மூட்டையாகக் கட்டிய அரிசி. "புள்ளலூர் அரிசி" என்றாள் அம்மா. அந்தப் பெண் முடிச்சை அவிழ்த்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள். அம்மா அவள் குழந்தையை வாங்கி, அதன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு அதிரசமும் முறுக்கும் மொத்தமாக அவள் மடிக்குப் போயின. என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்களுக்குன்னு சுட்டத ஏம்மா இவங்களுக்குக் குடுக்கற?"

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. ஒரு அதிரசத்தை என் கையில் வைத்து என் மோவாயைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலில் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை என்பது எனக்குத் தெரிய இன்னும் எட்டு வருஷம் ஆக வேண்டியிருந்தது. சேரியிலிருந்து படித்துக் கம்பவுண்டரான ஒருவரை, வீட்டுக்குத் தெரியாமல் மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு ஊரை விட்டுப் போனவள். புள்ளலூரில் இருந்த என் மாமா, இரண்டு பேருக்கும் மூத்தவர், ஊர்க் குளத்தில் தலைமுழுகிவிட்டு இனி எனக்கு ஒரே தங்கைதான் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவள் பெயரை யாரும் எடுத்ததில்லை. அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே எங்களுக்குத் தெரியாது.

ஒரு மணி நேரம் கழித்து நைனா பானெட்டைச் சாத்தினார். கையைத் துடைத்துக்கொண்டே பெஞ்சு வரை வந்து, "நல்லா கீறியாம்மா?" என்றார்.

"நல்லா கீறேன் மாமா. லாரிக்காரரு சீட்டு குடுத்ததிலிருந்து தெனிக்கும் வந்து பாத்துக்கினு இருந்தேன்."

நைனா தலையை ஆட்டிவிட்டுப் போய் வண்டியில் ஏறினார். பஸ் ஒரே தடவையில் கிளம்பிற்று.

முதுமலையில் யானைகளை ஆற்றில் படுக்க வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். மறுநாள் காலையில் ஒரு யானையின் மேல் என்னையும் அண்ணனையும் ஏற்றினார்கள். மான் கூட்டம் பார்த்தோம், தூரத்தில் காட்டெருமை பார்த்தோம். புலி வரவில்லை. அண்ணன் அதற்கும் என்னைத்தான் குற்றம் சொன்னான். அம்மா ஆற்றங்கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். யானை பக்கத்தில் வந்து தண்ணீரை வாரி இறைத்தபோது கூட எழுந்திருக்கவில்லை. திரும்பும் வழியில், "புள்ளலூர் மாமா வந்தா யானையப் பத்தி மட்டும் சொல்லு" என்றாள். ஆமாம், அதுதானே எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மாமா பொங்கல் சீரோடு வந்தார். அரிசி, வெல்லம், ஒரு கட்டுக் கரும்பு. மாமா வந்தால் நாங்கள் சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டோம். அப்படி ஒரு மீசை. அம்மா கிணற்றடிக்குப் போயிருந்தாள். அண்ணன் தண்ணீர் எடுக்கும் கெடு இன்னும் முடியவில்லை, ஆனாலும் அவன் விளையாட ஓடிப்போயிருந்தான். மாமா கத்தியால் கரும்பைச் சீவிக்கொண்டு, காட்டில் என்ன பார்த்தாய் என்று கேட்டார். நான் யானையைச் சொன்னேன். மானைச் சொன்னேன். மாமா கரும்பைத் துண்டு போட்டுக் கொடுத்தபடி கேட்டார். நம் பக்கம் பேச ஆள் கிடைத்துவிட்டது என்ற தைரியத்தில் என் மனக்குறையையும் சொன்னேன்.

"கூடலூர்ல ஒருத்தவங்க அம்மாவ அக்கான்னு கூப்ட்டாங்க மாமா. எங்க அதிரசம் எல்லாத்தியும் அம்மா அவங்களுக்கே குடுத்துட்டாங்க. நீங்க அனுப்ன அரிசியக் கூட."

கத்தி நின்றது. அம்மாவை மாமா திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"கையில கொயந்த இருந்திச்சா?" என்றார்.

"இருந்திச்சு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பள."

மாமா கரும்புத் தோகையைக் கையில் சுற்றினார். "கால்ல செருப்பு போட்டுக்கினு இருந்தாளா?"

அதை எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல் யோசித்துச் சொன்னேன். "போட்டுக்கினு இருந்தாங்க. கொடை கூட வச்சிருந்தாங்க."

"சிரிச்சாளா?"

"சிரிச்சாங்க. அப்பறம் அயுதாங்க."

அம்மா குடத்தோடு வாசலில் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ. இடுப்பிலிருந்து தண்ணீர் வழிந்து புடவை நனைந்துகொண்டிருந்தது; குடத்தை இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மாமா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"பாப்பா, இன்னொரு வாட்டி சொல்லு" என்றார் என்னிடம்.

நான் சந்தோஷமாக யானையிலிருந்து ஆரம்பித்தேன்.

"யானை வேணாம். பஸ் ஸ்டாண்டுல இருந்து சொல்லு."

சொன்னேன். முடித்ததும் இன்னொரு தடவை கேட்டார். அதையும் சொன்னேன். அவ்வளவு தூரம் போய்க் காட்டைப் பார்த்துவிட்டு வந்தவளிடம், யானையின் மேல் உட்கார்ந்தபோது பயமாக இருந்ததா என்று கூடக் கேட்காமல் எழுந்து போனாரே இந்த மாமா என்று எனக்கு அன்றைக்கு முழுவதும் மனசு ஆறவில்லை.