முட்டுக்கால் கழற்றும் நாள்

பிள்ளைகளே, அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் "கட்டடம் கட்டுறார்" என்று சொல்கிறீர்கள். எனக்கு அது சந்தோசம்தான். ஆனால் கல் வைப்பது மேசன்மார், கம்பி கட்டுவது கம்பிக்காரர், பலகை அடிப்பது தச்சர். நான் மேற்பார்வையாளன். என் கையில் இருப்பது ஒரு சதுரக் கொப்பியும் ஒரு பேனையும். யார் எந்த நாளில் வந்தால் யாருடைய வேலையும் நின்றுபோகாது என்று பார்த்து எழுதுவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அந்தக் கொப்பியில் நான் ஒருமுறை விட்ட பிழையையும், அதைச் சரிப்படுத்தித் தந்தவர்களையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். பெயர்களை எழுதவில்லை. எழுதினால் அவர்கள் கூச்சப்படுவார்கள்.

அப்போது நாங்கள் தர்மபுரத்துக்கு உள்ளே ஒரு கிளை வாய்க்காலின் மேல் வீதியைத் தாங்கும் மதகு கட்டிக்கொண்டிருந்தோம். பழையது உடைந்து, உழவு இயந்திரங்கள் இரண்டு மைல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. காலபோக நெல் வெட்டி முடிந்து, சிறுபோகத்துக்குக் குளம் திறக்கும் வரைதான் அந்த வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அந்த இடைவெளிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

விதைப்புக்கு முன்பு வயல் செய்யும் கமக்காரர் கூடும் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளைக் குறித்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை. பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா எழும்பினா. வாய்க்காலின் கடைசி முனையில் அவாவுக்கு வயல்.

"மதகு கட்டுற தம்பி ஆர்? செவ்வாய்க்கு முடியுமோ?"

"முடியும் அக்கா," என்றேன்.

"கூட்டத்தில எழும்பிச் சொல்லுங்கோ. இருந்து சொன்னா நாளைக்கு மறந்திடுவியள்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழும்பிச் சொன்னேன்.

எங்கள் பொறியியலாளர் வவுனியாவில் இருந்து வரும் ஒரு பிள்ளை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவா. எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு வேலையைத் தொடங்கும் நாளில் இருந்து எண்ணக்கூடாது, முடியும் நாளில் இருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்தது அவாதான். அவா கணினியில் நிறம் நிறமாகக் கோடு போட்டு அனுப்புவா. வெயிலில் போன் திரை தெரியாது என்பதால் நான் அதைப் பார்த்து, ஒரு நாளுக்கு ஒரு சதுரம் என்று கொப்பியில் ஏற்றுவேன்.

மதகின் மேல்தட்டுக்கு வாய்க்கால் நிலத்தில் மரங்களை நட்டு, அதன்மேல் பலகை அடித்து, கம்பி கட்டி, கொங்கிறீட் போடுவோம். அந்த மரங்களைத்தான் முட்டுக்கால் என்பது. அவை நிற்கும் வரை வாய்க்காலில் தண்ணீர் விட முடியாது. கொங்கிறீட் போட்டுப் பதினான்கு நாள் போனபின்தான் அவற்றைக் கழற்றலாம். அத்தனை நாளும் ஈரச் சாக்குப் போட்டு நனைத்தபடி இருக்க வேண்டும். கொங்கிறீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீர் குடித்து இறுகும். ஆகவே செவ்வாய் தண்ணீர் என்றால் திங்கள் முட்டுக்கால் கழற்ற வேண்டும். அதற்கு இரண்டு கிழமை முந்திய திங்களில் கொங்கிறீட் போட வேண்டும். அதற்கு முந்திய சனி மிஸ் வந்து கம்பியைப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு நாள்கூட மிச்சம் இல்லை.

அந்த நாட்களுக்குள் பெரிய வெள்ளியும் வந்தது, அதற்கு அடுத்த வெள்ளியில் சித்திரை வருசப்பிறப்பும் வந்தது. நான் பெரிய வெள்ளிக்கு ஒரு சதுரத்தைக் கறுப்பாக்கினேன். வருசப்பிறப்புக்கு மூன்று சதுரம். அதில் ஏதும் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் கம்பிக்காரர் நால்வரும் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள். அவர்களின் தலைவர் கடல் தொழிலை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். வலை முடிந்த கைக்குக் கம்பி முடிவது லேசு என்று சொல்வார். பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முந்தி, புதன்கிழமை மத்தியானம், அவர்கள் உடுப்புப் பைகளை எடுத்து மரத்தடியில் வைத்தார்கள். மேல்தட்டில் கம்பி பாதிதான் கட்டியிருந்தது.

"என்ன, வெள்ளன வெளிக்கிடுறியள்?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் பெரிய வியாழன் அண்ணை. பாதம் கழுவுற பூசை. நாலரை பஸ்ஸில போறம்."

"வெள்ளி மட்டும்தானே லீவு?"

"உங்கட கலண்டருக்கு வெள்ளி மட்டும். எங்களுக்கு வியாழன் தொடக்கம் ஞாயிறு வரைக்கும். திங்கள் பிள்ளையளோட நிண்டிட்டுச் செவ்வாய் வாறம்."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேக்கேல்லையே. உந்தக் கொப்பியை ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்."

கொடுத்தேன். விரலால் சதுரங்களை எண்ணிப் பார்த்தார்.

"வருசப்பிறப்புக்கு மூண்டு பெட்டி. எங்களுக்கு ஒண்டு. ஆண்டவர் மூண்டாம் நாள்தான் உயிர்த்தவர் அண்ணை. நீங்கள் அடுத்த நாளே எழுப்பி வேலைக்குக் கூப்பிட்டிட்டியள்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் செவ்வாய் வந்து மிச்சத்தைக் கட்டி முடிக்க, கொங்கிறீட் வியாழனுக்குத் தள்ளிப்போகும். பதினான்கு நாள் எண்ணினால் தண்ணீர் திறக்கும் நாள் தாண்டிவிடும்.

பக்கத்தில் நின்ற மேசன் ஒருவர் சொன்னார்: "வியாழன் போட்டிட்டு, பத்து நாளில முட்டுக்காலைக் கழட்டுங்கோ. ஆர் வந்து எண்ணப்போறது? நான் கழட்டியிருக்கிறன். ஒண்டும் விழேல்லை."

உங்களுக்கு மறைக்காமல் எழுதுகிறேன். என் மனம் அந்தப் பக்கம் போனது. போனில் மிஸ்ஸைக் கூப்பிட்டு, பத்து நாள் போதுமோ என்று மெதுவாகக் கேட்டேன்.

"கழட்டுங்கோ அண்ணை," என்றா. "ஆனா அதில முதல் ஏறுற உழவு மிசினை நீங்கள்தான் ஓட்டவேணும்."

அதோடு அந்த எண்ணம் போய்விட்டது. கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னவன் நான். சொன்ன நாளுக்கு முடியாது என்பதையும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் கடைசி முனைக்குப் போனேன். அந்த அக்கா வரம்பு கட்டிக்கொண்டு நின்றா. விசயத்தைச் சொன்னேன்.

"மூண்டு நாள்தானே அக்கா பிந்தும்?"

"உங்களுக்கு மூண்டு நாள். தலைப்பக்கத்து வயலுகளுக்கு நனைஞ்சுதான் எங்களுக்கு வரும். நான் விதைக்க ஒரு கிழமைக்கு மேல பிந்திப்போம். அங்கால குளத்தில கடைசித் தண்ணி முடியேக்க என்ர கதிர் பால் பிடிச்சுக்கொண்டு நிக்கும். ரெண்டு வருசத்துக்கு முந்தி அப்பிடித்தான் போனது. வைக்கோல்தான் மிஞ்சினது."

அவா மண்வெட்டியை வரம்பில் ஊன்றினா.

"உங்களை ஏசி என்ன வரப்போகுது. அந்தக் கம்பிக்காரருக்கு இது தெரியுமோ?"

"எது?"

"இப்பிடி ஒரு வயல் இருக்கெண்டு."

தெரியாது. நான் ஒருநாளும் சொன்னதில்லை. திங்கள் கொங்கிறீட், சனிக்குள் கம்பி முடிய வேண்டும் என்று நாளைத்தான் சொல்லியிருக்கிறேன். அந்த நாள் ஏன் அந்த நாள் என்று அவர்கள் யாருக்கும் சொன்னதில்லை.

"அப்ப போய்ச் சொல்லுங்கோ. பஸ்ஸுக்கு நேரம் கிடக்குத்தானே," என்றா.

நான் திரும்பி வந்தபோது நாலு மணி. கம்பிக்காரர்கள் வீதிக்கு வெளிக்கிட்டுவிட்டார்கள். வழியில் மறித்து அந்த அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். நில்லுங்கோ என்று கேட்கவில்லை. தலைவர் தன் பையை ஒருவரிடம் கொடுத்து, "நீங்கள் போங்கோ. வீட்டில சொல்லுங்கோ, நான் பின்னால வாறன்," என்றார்.

அன்று பொழுதுபடும்வரை அவர் தட்டுப் பலகையில் குனிந்திருந்து, மிச்சக் கம்பி ஒவ்வொன்றும் எங்கே வரவேண்டும் என்று சோக்கட்டியால் கோடு போட்டார். மூன்று மேசன்மாரைக் கூப்பிட்டு, கம்பி முறுக்கும் கொக்கியைக் கையில் கொடுத்து, முடிச்சுப் போடப் பழக்கினார்.

"மேசன் கை தாலி கட்டத்தான் சரி," என்று பகிடி விட்டார்.

"அது மூண்டு முடிச்சோட முடிஞ்சுது. இது எத்தினை ஆயிரம் எண்டு சொல்லுங்கோ," என்றார் பத்து நாளில் கழற்றச் சொன்ன அதே மேசன்.

கோடு போட்டு முடிந்ததும் நான் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக் கரைக்குப் போய் வீட்டில் விட்டேன். போகும் வழியில், தங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று யாரும் ஆணியில் சுத்தியல் போடமாட்டார்கள் என்று கதையோடு கதையாகச் சொன்னார். எங்களைச் செய்ய வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. வந்து கொப்பியைத் திறந்து, வெள்ளிச் சதுரத்தின் கறுப்புக்கு மேலே வெள்ளைத் தாள் ஒட்டி, "கம்பி மட்டும், ஆணி இல்லை" என்று எழுதினேன். பக்கப் பலகை அடிக்கும் வேலையைச் சனிக்குத் தள்ளினேன்.

வியாழனும் வெள்ளியும் மேசன்மார் விரல் வீங்கக் கம்பி கட்டினார்கள். சனி மிஸ் வந்தா. ஒரு வரிசை முழுவதும் கம்பிக்குக் கீழே வைக்கும் சின்னச் சீமெந்துக் கட்டிகளை வைக்க மறந்திருந்தோம். கம்பி பலகையில் படுத்துக் கிடந்தது. அவா ஏசவில்லை. தானே முழங்காலில் இருந்து தூக்கிப் பிடித்தா. ஞாயிறு மத்தியானம் எல்லாம் சரியானது.

திங்கள் காலை ஆறு மணிக்குக் கலவை இயந்திரம் தொடங்கும்போது வீதியில் இருந்து நாலு பேர் நடந்து வந்தார்கள். செவ்வாய் வருவோம் என்றவர்கள். ஒருவர் உயிர்த்த ஞாயிறன்று உடுத்த புதுச் சேட்டைக்கூட மாற்றவில்லை.

"வீட்டில ஏசினவை," என்றார் தலைவர். "வயல்காரியின்ர கதையைச் சொன்னன். 'அப்ப ஏன் இன்னும் நிக்கிறாய்' எண்டு என்ர மனுசிதான் கலைச்சு விட்டவா."

பின்னேரம் மூன்று மணிக்குத் தட்டு போட்டு முடித்தோம்.

இனி நனைக்கும் வேலை. நாளுக்கு மூன்று தரம், ஒரு நேரமும் தவறக்கூடாது. வருசப்பிறப்புக்கு எல்லாரும் ஊருக்குப் போவார்கள், நான் மட்டும் நின்று தண்ணீர் ஊற்றுவேன் என்று எழுதியிருந்தேன். நாலைந்து வருசமாக அப்படித்தான். வருசத்துக்கு அப்பா வரமாட்டார் என்று நீங்களும் பழகியிருந்தீர்கள். கம்பிக்காரத் தலைவர் கொப்பியில் அதைப் பார்த்துவிட்டு என் பேனையை வாங்கினார். அந்த மூன்று கறுப்புச் சதுரங்களுக்குக் கீழே இருந்த என் பெயரை வெட்டித் தன் பெயரை எழுதினார்.

"துணுக்காயில உங்கட வீட்டுக்குப் போங்கோ. நாங்கள் ரெண்டு பேர் வந்து ஊத்திறம். எங்களுக்கு அது சும்மா வெள்ளிதானே."

அந்த வருசம் வருசப்பிறப்பு முழுக்குக்கு உங்கள் தலையில் மருத்துநீர் வைத்தது நான். உங்களுக்கு நினைவிருக்கும். குசினிக்குள் அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருக்க, சின்னவள் என்னைப் பார்த்து, "அப்பா, மதகு தனியவே நிக்குது?" என்று கேட்டாள். ஆள் நிற்கிறது என்றேன். அப்போது போனில் ஒரு படம் வந்தது. தட்டின் மேல் சாக்குகள் தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்தன. கீழே, "மதகுத் தம்பியார் தண்ணி குடிச்சிட்டார், இனிப் பின்னேரம்தான்" என்று எழுதியிருந்தார். மூன்று நாளும் காலை, மத்தியானம், பின்னேரம் என்று ஒன்பது படம் வந்தது. ஒன்பதையும் இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் இருந்த அந்த மூன்று நாளையும் எனக்குத் தந்தவர் அவர்.

இப்போது எந்த வேலை தொடங்கினாலும் முதல் நாளே கொப்பியை எல்லார் கையிலும் கொடுக்கிறேன். கோயில் திருவிழா, கலியாணவீடு, பிள்ளையின் விளையாட்டுப் போட்டி, எதுவானாலும் அவரவர் நாளை அவரவரே எழுத வேண்டும். முதல் பக்கத்தில், இந்த வேலை எந்த நாளுக்கு, யாருக்காக முடிய வேண்டும் என்று நான் எழுதிவிடுவேன்.

அந்த மதகில், பதினான்காம் நாள் திங்கள் முட்டுக்காலைக் கழற்றினோம். மிஸ் கீழே குனிந்து, தட்டு முழுவதையும் கையால் தட்டிப் பார்த்தா. ஒரு கீறல் இல்லை. மத்தியானத்துக்குள் வாய்க்காலில் ஒரு பலகைத் துண்டுகூட இல்லாமல் துப்புரவாக்கினோம். செவ்வாய் காலை குளத்தடியில் பொங்கிப் படைத்துக் கதவைத் திறந்தார்கள். பின்னேரம் எங்கள் மதகுக்குக் கீழால் தண்ணீர் போனது. முதலில் சருகும் நுரையும், பிறகு கலங்கல், பிறகு ஒரே ஓட்டம்.

மறுநாள் காலை வாய்க்கால் கரையால் கடைசி முனைக்குப் போனேன். கலங்கல் தண்ணீர் எனக்கு முன்னமே வந்துவிட்டிருந்தது. அந்த அக்கா முழங்காலளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் வாய்க்கால் வாயை வெட்டிக்கொண்டிருந்தா. எத்தனையோ சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"அக்கா," என்றேன்.

அவா நிமிர்ந்து பார்த்தா. "பிறகு கதைப்பம் தம்பி, தண்ணி வந்திட்டுது," என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டா.