மூத்தவளுக்கு இருமல்

செல்லூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, மாடியில் இருக்கும் வீட்டுக்கார அண்ணன் கீழே வந்து சட்டதிட்டங்களைச் சொன்னார். மோட்டாரைப் போட்டால் மறக்காமல் அணைக்க வேண்டும். படிக்கட்டில் செருப்பு விடக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. முதல் இரண்டையும் சாதாரணமாகச் சொன்னவர், மூன்றாவதைச் சொல்லும்போது மார்பில் கையை வைத்துக்கொண்டார்.

"ஹாலுக்கு ஒரு ஆணி நானே அடிச்சு வச்சிருக்கேன், காலண்டர் மாட்டிக்கங்க. அதுக்கு மேல ஒண்ணு அடிச்சாலும் என் நெஞ்சுல அடிச்ச மாதிரி. மறுநாளே வீட்டக் காலி பண்ணிரணும், சொல்லிப்புட்டேன்."

என் கணவர் பலமாகத் தலையாட்டினார். கப்பலூரில் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை பார்க்கிறவர். யார் எது சொன்னாலும் தலையாட்டுவது அவருக்குத் தொழில் பழக்கம். நான் ஆட்டவில்லை. எனக்கு ஆணி வேண்டும்.

ஏன் வேண்டும் என்றால், பழைய காலத்து வீடு மாதிரி அலங்கரிக்கிற பைத்தியம் எனக்குப் பிடித்திருந்தது. பிளவுஸ் தைக்கும்போது போனில் வீடியோ ஓடும். அதில் யார் யாரோ தங்கள் சுவரில் பூப்போட்ட பீங்கான் தட்டுகளையும், வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டு ஜரிகைக் கரைகளையும் மாட்டி, அதன் கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அப்படிக் குடிக்க வேண்டும் போலிருந்தது. கிழிந்த பட்டுச்சேலைகளின் கரையை வெட்டிச் சட்டத்தில் பூட்டினேன். வெள்ளைத் துணியை டீத் தண்ணீரில் ஊறப்போட்டு நாற்பது வருடத்துப் பழசாக்கினேன். அவருடைய வெள்ளைச் சட்டையும் தெரியாமல் அந்த வாளிக்குள் போய்விட்டது. "இருக்கற பழசு பத்தலயா? என்னையும் ஊறப்போடு" என்று அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

வீடு இடிக்கிற இடத்தில் மரம் வாங்கி விற்கும் கடை ஒன்றிலிருந்து பழைய தேக்கு ஜன்னல் ஒன்றைக் கொண்டுவந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்பி இருந்த இடத்தில் கண்ணாடி பொருத்தினேன். அதுதான் என் கைவேலையிலேயே பெரியது. ஆனால் மாட்ட ஆணி இல்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதைதான். ஜன்னல் கண்ணாடி தரையில் சுவரோரம் நின்றது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவர்களுடைய காலை மட்டும் காட்டியது. அளவு கொடுக்க வந்த பெண்கள் பாதி நேரம் தங்கள் கொலுசைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒட்டுகிற கொக்கிகளையும் வாங்கிப் பார்த்தேன். மதுரை வெயிலுக்கு முன்னால் எந்தப் பசை நிற்கும்? மத்தியானம் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். சோற்றுத் தட்டில்கூட ஒரு முறை விழுந்தது.

இதெல்லாம் சிரிப்புதான். ஆனால் உள்ளே எனக்கு ஆற்றாமை இருந்தது. பிறந்த வீட்டில் சுவர் அப்பாவுடையது, பிறகு அண்ணனுடையது. புகுந்த வீட்டில் மாமியாருடையது. அப்புறம் வரிசையாக வீட்டு ஓனர்களுடையது. இத்தனை வயதில் நான் அடித்த ஆணி என்று உலகத்தில் ஒன்றுகூட இல்லை. வேறு வீடு பார்க்கலாம் என்றால், என் தையல் வாடிக்கையெல்லாம் இந்தச் சந்துக்குள்தான். இந்த வீடு போனால் என் தொழிலும் போகும்.

வழி காட்டியது தறிதான். எங்கள் ஹால் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் தறிக்கூடம். நான்கு விசைத்தறிகள். காலையில் ஆரம்பித்தால் டக்கடக்க டக்கடக்க என்று நாள் முழுக்க ஓடும். போனில் பேசினால் என் அம்மா, "ஏத்தா, ரயில்ல வாரியா?" என்பார். நானும் என் கணவரும் கத்திப் பேசியே பழகி, கோயிலில்கூடக் கத்திப் பேசினோம். அம்புட்டுச் சத்தத்தில் ஒரு ஆணிச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது?

என் கணவருக்கு ஞாயிறு விடுமுறை. சுத்தியல் தலையில் அவருடைய பழைய சாக்ஸை மாட்டினேன். அவர் சுவரில் காதை வைத்துத் தறியின் தாளத்தைப் பிடித்து, "இப்ப... இப்ப... இப்ப..." என்று சொல்ல, நான் அந்த அடியோடு அடியாக அடிப்பேன். முதல் ஆணி இறங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் பூப்போட்ட தட்டு ஒன்றை மாட்டினோம். அதன் கீழே உட்கார்ந்து காப்பி குடித்தோம். வீடியோவில் வருகிறவர்கள் அப்படி ஒன்றும் பெரிதாக அனுபவிக்கவில்லை என்று நினைக்கிறேன், நான் அனுபவித்தேன்.

ஒரு ஞாயிறு நடுவில் கரண்ட் போய்விட்டது. தறி சட்டென்று நிற்க, என் கை நிற்காமல் ஒரு அடி தனியாகக் கேட்டது. மாடியிலிருந்து, "என்னா சத்தம் அங்கிட்டு?" என்றார் அண்ணன்.

"தேங்கா உடைக்கிறோம்ணே!" என்று கத்தினார் என் கணவர்.

"என்னா விசேசம்?"

இப்படியாக, எந்த விசேஷமும் இல்லாத ஒரு நாளில் நான் கொழுக்கட்டை செய்து மாடிக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றிரண்டாகத் தட்டுகளும் சட்டங்களும் ஏறின. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, ஜன்னல் கம்பியிலிருந்து கதவுத் தாழ்ப்பாள் வரை கயிறு கட்டி, ஒரு சேலையைத் திரையாகப் போட்டிருந்தேன். மீட்டர் பார்க்க வந்த அண்ணன், "அதுக்குள்ள என்னா?" என்று கேட்டார். "சாமிண்ணே" என்றார் என் கணவர், யோசிக்காமல். அண்ணன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, திரைக்கு முன்னால் நின்று கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். உள்ளே ஆறு தட்டும் நாலு ஜரிகையும் இருந்தன. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சிரித்துச் சிரித்து.

ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் பெரிய ஆணி வேண்டும், பெரிய அடி வேண்டும். அதற்குத் துணிச்சல் வரவில்லை.

அண்ணனுக்குத் தறிகள் பிள்ளைகள் மாதிரி. முதலில் வாங்கியது மூத்தவள். எங்கள் சுவருக்கு நேர் பின்னால் ஓடுவது அவள்தான். அடுத்தது நடுவுளவள், பிறகு சின்னவள், கடைக்குட்டி. மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாலும் சத்தத்தை வைத்து யார் நின்றுவிட்டாள் என்று சொல்லிவிடுவார். ஒரு திங்கட்கிழமை தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம் சொன்னார்:

"மூத்தவளுக்கு இருமல், தங்கச்சி."

"என்னண்ணே?"

"டக்கடக்க டக்கடக்கன்னு ஓடுறவ, நடுவுல 'தொப்பு'ங்குறா. இருமுற மாதிரியே. மத்த நாளெல்லாம் நல்லா இருக்கா, ஞாயித்துக்கிழம வந்தாப் பிடிச்சுக்கிருது. மெக்கானிக் ஞாயித்துக்கிழம வரமாட்டேங்குறான். திங்கக்கிழம வந்து பார்த்துட்டு, 'உங்க காதுலதான் கோளாறு'ங்குறான்."

சாக்ஸ் மாட்டிய சுத்தியலின் சத்தம்தான் அந்தத் தொப்பு. திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். என் கணவரிடம் சொன்னதும் இருவரும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தோம். அடுத்த ஞாயிறு சாக்ஸுக்கு மேல் இன்னொரு சாக்ஸ் மாட்டினோம். "இருமல் நெஞ்சுல எறங்கிருச்சு" என்றார் அண்ணன்.

அதன் பிறகு மூத்தவளுக்கு எண்ணெய் போட்டார்கள். பெல்ட் மாற்றினார்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். மாடியில் அவருடைய மனைவி தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ கத்துவது கேட்கும். எங்களுக்கு அந்தப் பாஷை ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் அது தறியைப் பற்றித்தான் என்று தெரிந்தது. அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பால்காரர் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு குறைந்தது. ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டோம். எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, மூத்தவள நாளைக்கு எடைக்குப் போடப் போறேன். ரெண்டு ஞாயிறா இருமல் இல்ல, இருந்தாலும் ஒருக்கா இருமுன தறிய நம்பக் கூடாது. நூலைக் கொண்டு ஓடுற நாடா என்னிக்காவது தெறிச்சு, வேலை பாக்குற ஆளு மூஞ்சியில பட்டுச்சுன்னா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உனக்குத்தான் பழசுன்னா உசுராச்சே. நாடா, மரக்கட்டை, எது வேணுமோ வந்து எடுத்துக்க. யாரோ ஒருத்தன் அடுப்புல போறதுக்கு, உன் வீட்டுல இருக்கட்டும்."

அந்த நாடாவில் ஒரு பல்பைத் தொங்கவிட்டால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி, அவளை இருமவைத்ததே என் சுத்தியல்தானே என்று உறைத்தது.

"போயிச் சொல்லிருவமா?" என்றேன், அவர் போனதும்.

"சொன்னா வீடு போயிரும்" என்றார் என் கணவர்.

"சொல்லலைன்னா மூத்தவ போயிருவா."

அவர் வழக்கம்போலத் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, மாதாந்திரக் கரண்ட் கட். ஒன்பது மணிக்கு நான்கு தறியும் நின்றன. செல்லூர் முழுக்க அப்படி ஒரு அமைதி; பக்கத்துத் தெருவில் யாரோ மூக்குச் சிந்துவது கேட்டது. பழைய இரும்புக்காரரின் வேன் சந்துக்குள் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. என் கணவருக்கு அன்று மதிய ஷிப்டு, டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பேசித்தான் தீர வேண்டும். ஆனால் என் வாயை நான் அறிவேன். அதுவும் என் கணவரின் வாய் மாதிரி சமயத்தில் தேங்காய் என்று சொல்லிவிடும். அதனால் சுத்தியலை எடுத்தேன். சாக்ஸோடு, வெறும் சுவரில், ஓங்கி அடித்தேன்.

தொப்பு. தொப்பு. தொப்பு.

தறிக்கூடத்தில் எதுவோ உருண்டு விழுந்தது. "அண்ணே, நிக்கிற தறி இருமுது!" என்று வேலையாள் ஓடும் சத்தம் கேட்டது. அண்ணன் ஓடவில்லை. அவர் மூத்தவளிடம் பேசுவது சுவர் வழியாகக் காதில் விழுந்தது. "என்னாத்தா? போக மனசு இல்லையா உனக்கு?"

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, அது நாந்தேன்!" என்று சுவரைப் பார்த்தே கத்தினேன்.

அவர் வந்து நின்றபோது நான் சுத்தியலும் கையுமாக நின்றேன். என் கணவர் இட்லியும் கையுமாக நின்றார். "நாங்க காலி பண்ணிர்றோம்ணே. மூத்தவள மட்டும் எடைக்குப் போட்டுப்புடாதீங்க. அவளுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். அழுகை முந்திக்கொண்டு வந்தது.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் காதை வைத்தார். "இன்னொரு வாட்டி அடி."

அடித்தேன்.

"இதேதான்" என்றார் மெதுவாக. "இதே இருமல்தான்." உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, "ஏப்பா, வண்டிய எடு! எம்புள்ள நல்லா இருக்கா!" என்று வேன்காரரை விரட்டினார்.

திரும்பி வந்ததும் திரையை விலக்கினார். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜரிகைகளைப் பார்த்தார்.

"மாப்ள, இதையா நான் கும்பிட்டேன்?"

என் கணவர் தலையாட்டினார்.

மூட்டை கட்ட எந்தப் பெட்டி, எந்தச் சாக்கு என்று நான் மனதுக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

"இனிமே தறி ஓடுறப்ப ஒரு ஆணி அடிச்சாலும் அன்னிக்கே வீட்டக் காலி பண்ணிரணும்" என்றார் அண்ணன். "அவ எப்படி இருக்கான்னு எனக்குக் கேக்க முடியாமப் போயிரும். அடிக்கணும்னா இப்பிடிக் கரண்ட் இல்லாதப்ப அடி. ஊருக்கே கேக்கட்டும்." பிறகு, தரையில் சாய்ந்து நின்ற ஜன்னல் கண்ணாடியில் தம் காலைப் பார்த்துவிட்டு, "இத ஏன் கீழ வச்சிருக்க?" என்றார்.

அவரே மாடிக்குப் போய்ப் பெரிய ஆணியாக ஒன்று எடுத்துவந்தார். இடத்தையும் அவரே காட்டினார். நான் ஸ்டூலில் ஏறினேன். சாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓங்கி அடித்தேன். ஆணி வளைந்தது. நிமிர்த்தி மறுபடி அடித்தேன்; சுவரில் இல்லை, ஆணியைப் பிடித்திருந்த என் கணவரின் விரலில். எனக்குத் தாளம் இல்லாமல் ஆணி அடிக்க வரவில்லை. வாசலில் தெரு கூடிவிட்டது.

அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். கூச்சத்தோடு தொண்டையைச் செருமினார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, வாயாலேயே ஆரம்பித்தார்.

"டக்கடக்க, டக்கடக்க, டக்கடக்க..."

அச்சு அசல் மூத்தவள். என் கணவர் விரலைச் சூப்பிக்கொண்டே, "இப்ப... இப்ப... இப்ப..." என்றார். நான் அடித்தேன். ஆணி நேராக இறங்கியது.

மூன்று பேரும் சேர்ந்து ஜன்னலைத் தூக்கி மாட்டினோம். இத்தனை நாளும் காலை மட்டும் காட்டிக்கொண்டிருந்த கண்ணாடியில் முதன்முதலாக எங்கள் முகங்கள் வந்தன. அண்ணன் இன்னமும் டக்கடக்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மூக்கில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நான் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.