பழனியம்மாள் பார்த்த டெல்லி

ராஜ்காட் வாசலில் ஹெட் கவுண்ட் எடுத்தபோது இரண்டு பேர் குறைந்தார்கள். மைசூர் டூர் கம்பெனி ஒன்றிலிருந்து நான் தனிப் பொறுப்பில் கூட்டிவந்த முதல் டெல்லி குரூப் அது. மொத்தம் முப்பத்தாறு பேர். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே ஓடினேன். ஹனூர் மாரப்பனும் அவர் மனைவி பழனியம்மாளும் சமாதி முன்னால் நின்றிருந்தார்கள். சர்க்கரை நோயால் அந்த அம்மாவுக்குப் பார்வை போய் மூன்று வருடம். ரயில் ஏறிய பிறகுதான் எனக்கே அது தெரியும். மாரப்பன் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கருப்புக் கல்லு புள்ள. நம்மூட்டுக் கட்டிலு ரெண்டச் சேத்துப் போட்டாப்பல இருக்குது. மேல பூ வெச்சிருக்கறாங்க. ஓரத்துல கண்ணாடிக்குள்ள வெளக்கு எரியுது."

"ஆடுதுங்களா?"

"ஆடுது, லேசா."

எல்லா இடத்திலும் இதே கதைதான், இவர்களால் நேரமாகிவிடும். பஸ்ஸுக்குத் திரும்பியதும் ரங்கராஜ் பிடித்துக்கொண்டார். ஹெப்பாள் ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். "மேடம், இப்படியே போனா ரயில் மியூசியம் மூடிடுவாங்க. ரெண்டு பேருக்காக மத்தவங்க எல்லாம் வெயில்ல காயணுமா?"

அடுத்தது போர் நினைவுச் சின்னம். நான் அவர்கள் சீட்டுக்குப் போய், "வெளிய வெயில் ஜாஸ்தி. நீங்க ரெண்டு பேரும் ஏசியிலயே இருங்க. அம்மாவால பார்க்க முடியாதே, எதுக்குச் சிரமம்?" என்றேன்.

மாரப்பன் தலை குனிந்துகொண்டார். பழனியம்மாள் என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அம்மணி, நான் சுத்திப் பாக்க வல்லீங்க. இவரு பேசறதக் கேக்க வந்தனுங்க. ஊட்டுல நாளைக்கு நாலு வார்த்த பேசுனா அதிகம். எனக்குக் கண்ணு போனப்பறம் அதுவும் நின்னுபோச்சு. எங்கிட்ட என்ன பேசறதுன்னே மனுசனுக்குத் தெரியல. இங்க வந்து ரெண்டு நாளா வாய் மூடலீங்க." முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "செரி, நீங்க சொன்னா இருந்துக்கறோம்" என்றார்.

வாங்க என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அன்று எல்லா இடமும் நேரத்துக்கு முடிந்தது.

மறுநாள் காலை மாரப்பனுக்குத் தொண்டை கட்டி, குரலே வரவில்லை. டெல்லித் தூசியும் இரண்டு நாள் பேச்சும் சேர்ந்து செய்த வேலை. "நாங்க ரூம்லயே இருக்கறமுங்க" என்றார் பழனியம்மாள். நான் விடவில்லை, இருவரையும் கூட்டிப்போனேன். பழைய சிலைகள் இருக்கிற மியூசியத்தில் குரூப்பை லோக்கல் கைடிடம் விட்டுவிட்டு பழனியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது நடராஜர். சோழர் காலம், வெண்கலம்…"

"அது கெடக்குதுங்க. மொகம் எப்படி இருக்குது?"

அசிஸ்டென்ட்டாக வந்த காலத்திலிருந்து அந்தச் சிலையை எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். முகத்தை நின்று பார்த்ததே இல்லை. இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

பின்னாலிருந்து ரங்கராஜ் குரல் வந்தது. "சிரிக்கிறாரும்மா. பல்லுத் தெரியாம. ஷிஃப்ட் முடிஞ்சு கார்டு பஞ்ச் பண்ணிட்டு வெளிய வர்றவன் சிரிப்பானே, அப்படி."

பழனியம்மாள் முகம் மலர்ந்தது. ரங்கராஜ் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். கைடு பின்னால் போனவர்களில் சிலர் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு பழைய பட்டுத் துணியைப் பார்த்து டீச்சரம்மா ஒருவர் "நல்ல சிவப்பு" என்றார். மாரப்பன் பதறிப்போய் என் தோளைத் தட்டினார். காற்றாக வந்தது குரல்: "செவப்பு இல்லீங்… அரக்கு." எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அன்று ஷாப்பிங் நடக்கவில்லை. குரூப்பில் வேறு இரண்டு பேர் ஊர் திரும்பியதும் ஆபீசுக்குப் புகார் எழுதினார்கள், எனக்கு மெமோ வந்தது. அது நியாயம்தான். அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு டூர் ஐட்டினரியிலும் தினம் ஒரு மணி நேரத்தை வெறுமனே விட்டுவைத்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். அந்த ஒரு மணி நேரம் யாருக்குத் தேவைப்படும் என்பது கிளம்பும்போது தெரியாது.

அந்த டூர் முடிந்து திரும்பும் ரயிலில் ஜன்னல் ஓரம் அவர்கள் இருவரும். மாரப்பனுக்குக் குரல் பாதி திரும்பியிருந்தது.

"ஏனுங்க, இப்ப வெளிய என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல புள்ள. வெறுங்காடு."

"அந்த வெறுங்காட்டத்தான் சொல்லுங்களே."

மாரப்பன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தார்.