நூகு பாயும் ரோமாபுரிக் குதிரைகளும்

சோதனைக்கு அடித்துப் பார்த்த லேபிள் தாளை முகம்மது நூகு நான்காகக் கிழிக்கிறார். ஒரு துண்டு அச்சகத்துக் குப்பைக்கூடைக்கு. ஒன்று வீட்டு அடுப்புக்கு. இன்னொன்று பேருந்து நிலையத்துத் தொட்டிக்கு. நான்காவது துண்டு சட்டைப் பைக்குள் போகும். அங்கிருந்து அது எங்கே போகிறது என்பதை மனைவி சபுராவிடம்கூட அவர் சொன்னதில்லை. “துண்டைப் பொறுக்கிச் சேத்து ஒட்டுறதுக்குன்னே சிவகாசில ஆளு இருக்கு” என்பது அவர் கட்சி.

பட்டாசுப் பெட்டியின் மேல் ஒட்டுகிற படம்தான் பாயின் தொழில். உள்ளே இருக்கும் மருந்து எல்லாக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்குகிறவன் கண்ணில் முதலில் வெடிப்பது லேபிள். ஆகவே உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார்: லேபிளைத் திருடியவர்கள், இன்னும் திருடாதவர்கள். யார் வந்தாலும் மேசைமேல் இருக்கும் படத்தைக் கவிழ்த்து முழங்கையை ஊன்றிக்கொள்வார். மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர் மீட்டரை மட்டும் பார்க்கிறாரா என்று கூடவே நின்று பார்ப்பார். சுவரில் ஒரு பல்லி நெடுநேரம் அசையாமல் இருந்ததற்காக மேசையையே இடம் மாற்றிப் போட்டார் என்றும், பல்லியும் பின்னாலேயே இடம் மாறியதும்தான் அவருக்குச் சந்தேகம் உறுதியானது என்றும் ஊரில் ஒரு பேச்சு.

“கனவு காணும்போதுகூட பக்கத்துல யாரும் எட்டிப் பாக்காகளான்னு ஒத்தக் கண்ணைத் தொறந்து வச்சிருப்பாக” என்கிறார் சபுரா.

இப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரு பலவீனம் உண்டு. பழைய ரோமாபுரிப் படங்கள். பெரிய வெள்ளிக்கிழமையானால் ஏதாவது ஒரு டி.வி.யில் ஆதி கிறிஸ்தவர்கள் சிங்கத்தின் முன்னால் மண்டியிட்டுப் பாடுவார்கள். ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு டி.வி. முன்னால் உட்கார்ந்தால் பாய் எழுந்திருக்க மாட்டார். பனை உயரத் தூண்கள், நிஜக் குதிரைகள், எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டதுபோல் ஜனக்கூட்டம். அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் சந்தேகப்படுவார். “அந்தா, தூணுக்குப் பின்னால நிக்கான் பாரு, அவன் முழியே சரியில்ல.” ஈசா நபியான இயேசுவின் முகத்தைக் காட்டாமல் முதுகையும் ஒரு கையையும் மட்டும் காட்டினால், “மரியாத தெரிஞ்சவன் எடுத்திருக்கான்” என்று தலையாட்டுவார். மறுநிமிடமே நெற்றி சுருங்கிவிடும். “அதுசரி, மரியாதைக்குத்தான் மறைச்சானா, வேற எதுக்குமா?”

இரண்டு கிறிஸ்தவர்கள் வழியில் சந்திக்கிற காட்சி வரும். ஒருவன் ரகசிய அடையாளமாக மண்ணில் பாதி மீனைக் கீறுவான். மற்றவன் மீதியைக் கீறுவான். சட்டென்று காலால் அழித்துவிடுவார்கள். அங்கே மட்டும் பாய் நிமிர்ந்து உட்காருவார்.

“பாத்தியா சபுரா, டிரேட் மார்க்கு! போட்டான், காட்டுனான், அழிச்சான். அதான் தொழிலு.”

“அவுக உசுருக்குப் பயந்து அழிக்காக.”

“நான் மட்டும் எதுக்குப் பயந்து அழிக்கேனாம்?”

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துச் சீசனுக்கு ஒரு பெரிய கம்பெனியின் மேனேஜர் லட்சுமிகாந்தம், சரவெடிப் பெட்டிக்கு இதுவரை யாரும் போடாத லேபிள் வேண்டும் என்று கேட்டார். பாயின் மனதில் நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய ரோமாபுரித் தேர் உருண்டது. டி.வி.யில் ஓடுகிற தேரை நிறுத்திப் பார்க்க முடியாது, சி.டி. வேண்டும். உள்ளூரில் வாடகைக்கு எடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே விருதுநகருக்கு பஸ் ஏறி, தெப்பக்குளத்துக்குப் பக்கத்துக் கடையில், தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறைப்புக்கு ஒரு சிரிப்புப் படமும் சேர்த்து எடுத்தார். பேர் கேட்டபோது கூசாமல் “சுந்தரபாண்டி” என்றார். சிவகாசியில் அவருக்கு நேர்ப் போட்டியான அச்சகக்காரரின் பேர் அது. பழி வந்தால் அங்கே போகட்டும்.

கம்ப்யூட்டரில் படம் போட்டுப் பார்த்தவள் ஓவியா. பாயின் அச்சகத்து டிசைன்காரி, நாரணாபுரத்துப் பெண். அவளுடைய அம்மா அய்யம்மாள் பட்டாசு ரூமில் மருந்து அடைக்கிறவள். அலுமினியப் பவுடர் ஏறி விரலெல்லாம் வெள்ளி பூத்திருக்கும். மகள் விரலில் அது ஏறக்கூடாது என்று, கம்மலை விற்று டிசைன் படிக்க வைத்தாள். தேர் வளைவில் திரும்பி, நான்கு குதிரைகளும் முன்னங்கால் தூக்கிய இடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது.

“பாய், சி.டி. நிக்குது. கீறல் இருக்கும்போல.”

“நிக்கலப் புள்ள, நிப்பாட்டிக் குடுத்திருக்கான் ஆண்டவன். அதையே எடு.”

லேபிள் பிரமாதமாக வந்தது. லட்சுமிகாந்தம் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார். சில நாள் கழித்து மறுபடி வந்தவர் மேசைமேல் வேறொரு பெட்டியை வைத்தார். சுந்தரபாண்டி அச்சகத்து லேபிள். அதே தேர், அதே வளைவு. தூக்கிய குளம்புகூட மாறவில்லை.

“என்ன பாய், யாரும் போடாததுன்னு சொன்னீக?”

பாய்க்கு ஒரு கணமும் யோசனை தேவைப்படவில்லை. அவர் கிழிக்காத தாள், கவிழ்க்காத படம் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது.

“எவனுக்குக் காட்டுன?”

“யாருக்குப் பாய் காட்டப் போறேன்?”

“அப்ப குதிரை தானா நடந்து போச்சோ?”

“நானே வரைஞ்சதை நானே எதுக்கு விக்கப் போறேன்?” என்றாள் ஓவியா. குரல் நடுங்கியது. குற்றம் செய்தவளுக்குத்தான் குரல் நடுங்கும் என்று பாய் எடுத்துக்கொண்டார். நாளை முதல் வரவேண்டாம் என்றார். லேபிளை வெளியே விட்டவள் என்ற பேர் சிவகாசியில் தந்தியைவிட வேகமாகப் போகும். இனி எந்த அச்சகமும் அவளைப் படியேற்றாது. அவளுக்கு மீதியிருந்த கதவு பட்டாசு ரூம் கதவு ஒன்றுதான்.

வேலையை விட்டு அனுப்பியும் பாய்க்குத் தூக்கம் வரவில்லை. பிடித்த திருடன் திருடன்தானா என்றும் சந்தேகம் வந்துவிட்டது. சி.டி.யைத் திருப்பிக் கொடுக்க விருதுநகர் போனார். கடையில் தலையில் கைக்குட்டை கட்டிய ஒருவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். பள்ளிவாசலுக்குக் கட்டுகிறவன் அப்படி முடிச்சுப் போடமாட்டானே என்று பாயின் கண் முதலில் முடிச்சில்தான் விழுந்தது.

கடைக்காரர் அந்த முதுகிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “கொஞ்சம் பொறுங்க நூகு பாய். குதிரைப் படத்தை உங்க ஊரு சுந்தரபாண்டி அண்ணாச்சி எடுத்துட்டுப் போயிருக்காக. இந்தா, அவுகளே வந்துட்டாகள்ல!”

கைக்குட்டைக்காரர் திரும்பினார். அசல் சுந்தரபாண்டி.

“எம் பேரையா சொன்னீக?” என்றார் அவர்.

“நீங்க எம் பேரைச் சொல்லலியா அண்ணாச்சி?”

கடைக்காரருக்கு எதுவும் விளங்கவில்லை. “போன தடவை எடுத்தப்பவே இவுகளுக்கும் அந்தத் தேர்கிட்ட நின்னுபோச்சாம். கீறல் விழுந்த சி.டி. அது. புது சி.டி. வாங்கிப் போடுவோம்னா, சிவகாசிக்காரக அம்புட்டுப் பேரும் நிக்கிற படத்தைத்தான் தேடி வாரீக.”

இருவரும் படியிறங்கி வெயிலில் நின்றார்கள். சுந்தரபாண்டி கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “ஒங்களுக்கு வித்துட்டான்னு எங்க டிசைன்காரன் முனியராஜை நானும் நிப்பாட்டிட்டேன் பாய்” என்றார் தரையைப் பார்த்து.

திரும்பும் பஸ்ஸில் ஆமத்தூர் தாண்டுகிறவரை பாய் கடைக்காரரைச் சந்தேகப்பட்டார். திருத்தங்கல் வருகிறவரை, அந்தக் கீறலைப் போட்டதே சுந்தரபாண்டியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். சிவகாசி வந்தபோது சந்தேகப்பட ஆள் மிஞ்சவில்லை, தன்னைத் தவிர.

மறுநாள் காலையில் டி.வி.எஸ். ஃபிப்டியை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் போனார். ஓவியா வாசலில் நின்றிருந்தாள். கொலுசைக் கழற்றி, தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, கையில் தூக்குவாளியோடு. பட்டாசு ரூமுக்குப் புறப்பட்ட கோலம். அதைப் பார்த்ததும் யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் பாய்க்கு மறந்துவிட்டது.

“வாங்க பாய்” என்றாள் அய்யம்மாள். “பயப்படாம உக்காருங்க. எங்க வீட்டுல யாரும் ஒங்க சட்டைப் பையை எட்டிப் பாக்கமாட்டோம்.”

பாய் உட்காரவில்லை. “சி.டி.யில கீறல்” என்றார்.

“அதை நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்றாள் ஓவியா.

“சொன்ன.” தொண்டையைச் செருமினார். “சுந்தரபாண்டிக்கும் அங்கனதான் நின்னிருக்கு. ரெண்டு அச்சகத்துலயும் உண்மை என்னன்னு சொல்லியாச்சு. லட்சுமிகாந்தத்துக்கும் போன் பண்ணிட்டேன். நீ வேலைக்கு வா.”

“வாறேன். ஆனா கம்ப்யூட்டர் ரூம் சாவி ஒண்ணு எங்கிட்டயும் இருக்கணும்.”

“சாவி எதுக்கு?”

“தொழுகைக்குப் போகயில என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டுல்ல போவீக.”

அய்யம்மாளின் முகம் மாறியது. இது அவளுக்குப் புதுச் செய்தி. “பூட்டுவாகளா?” என்று மகளிடம் கேட்டாள். பிறகு பாயைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. “மருந்து ரூமுக்கே நாலாப் பக்கமும் வாசல் வச்சிருக்கான் பாய். ஒண்ணுன்னா எந்திரிச்சு ஓடணும்லா. எம் புள்ளயை நீங்க பேப்பருக்கும் அச்சு மைக்கும் நடுவுல வச்சுப் பூட்டுனீகளாக்கும்?”

லேபிள் வெளியே போகக்கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. உள்ளே இருப்பது லேபிள் மட்டுமில்லை என்று இத்தனை நாளும் அவருக்குத் தோன்றவே இல்லை. பாய் இடுப்புப் பெல்ட்டிலிருந்து சாவி வளையத்தை எடுத்தார். கழற்றிப் பழக்கமில்லாத சாவி. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். பல்லால் கடித்து வளையத்தை விரித்து உருவி, ஓவியாவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

பாய் வண்டியில் ஏறி மிதித்துக் கிளப்பினார். இன்ஜின் ஓடியும் அவர் கிளம்பவில்லை. கைப்பிடியில் இருந்த கண்ணாடியைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, பிறகு கொஞ்சம் கீழே சாய்த்து, ஓவியாவின் மூடிய கை அதில் முழுசாகத் தெரிந்த பிறகுதான் வண்டியை முறுக்கினார்.