சித்ராதேவியின் கம்ப்யூட்டரில் ‘கார்ட்ஸ்’

ஆஷாவால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாத்தான்குளத்துக்காரி. திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஆத்தப்பனின் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டாள். இருபத்திரண்டு கம்ப்யூட்டர்களிலும் என்னென்ன ஓடுகிறது என்று ஒரே திரையில் காட்டும் மென்பொருளை, இரண்டாயிரத்து ஏழில் அவள்தான் போட்டாள். சீட்டாட்டத்துக்கு ‘கார்ட்ஸ்’ என்பது உட்பட, விளையாட்டுகளின் பெயர்களை அதற்குப் பட்டியலாக எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெயரில் எது ஓடினாலும் சிவப்பில் காட்டும்.

ஒரு புதன்கிழமை பேக்கிங் பகுதி சிவந்தது. ‘கார்ட்ஸ்’, ஆறு மணி நேரம். அறிக்கை தானாகவே முதலாளிக்கும் போய்விட்டது.

“ஏனுங்கம்மிணி, இது பேக்கிங்குங்களா, சீட்டாடற எடமுங்களா?” என்று, பேக்கிங்கில் கம்ப்யூட்டர் பார்க்கும் சித்ராதேவியைக் கேட்டார் ஆத்தப்பன். அவளும் ஆஷாவின் ஊர்ப்பக்கத்துக்காரிதான். அவள் வாயெடுப்பதற்குள் வேலையை விட்டே அனுப்பிவிட்டார்.

ஆஷாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த அக்காவுக்கு மதியச் சாப்பாட்டுக்கே நேரம் போதாது, சீட்டாடுவது எங்கே? டீயை அப்படியே வைத்துவிட்டு பேக்கிங் அறைக்கு ஓடினாள். திரையில் இருந்தது ஜாப் கார்டு, ஒவ்வொரு லாட்டிலும் எத்தனை பீஸ் பேக்கானது என்று பதியும் வேலை அட்டை. அந்தப் புரோகிராமை எழுதிய வெளியாள், அன்று காலையில் வந்து ஏற்றியபோது ‘கார்ட்ஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார். மென்பொருள் பெயரை மட்டும்தான் ஒப்பிட்டது. உள்ளே இருப்பது என்னவென்று அதற்குத் தெரியாது.

“தப்பு எம்மேலதான் சார்” என்றாள் ஆத்தப்பனிடம்.

அவர் அறிக்கையை மூடி வைத்தார். “போய்க் கூட்டிட்டு வாங்க கண்ணு. நானும் அவசரப்பட்டுட்டனுங்க.”

சித்ராதேவி லைன் வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆஷா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, நிமிராமலே கேட்டாள்: “மெசினுக்குத் தெரியாது, சரி. ஒங்களுக்கு என்னயத் தெரியும்லா? ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாம்லா?”

ஆஷாவால் நிற்கவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை.

மறுநாள் சித்ராதேவி வேலைக்கு வந்தாள். ஆனால் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று செக்கிங் பகுதிக்கு மாற்றிக்கொண்டாள். முதலாளிக்கு அறிக்கை தானாகப் போவதை ஆஷா அன்றைக்கே நிறுத்தினாள். திரையில் சிவப்பு தெரிந்தால் முதலில் அந்த மேஜைக்கே நடந்து போவாள். அப்படியும் செக்கிங் பகுதியைக் கடக்கும்போது மட்டும் அவள் நடை தானாக வேகம் பிடித்துவிடும்.