சுகிர்தனின் இடது புருவம்

எனக்குக் காய்ச்சல் கிடந்த கிழமை என் மிளகாய்க் கன்றுகள் வாடவில்லை. யாரோ விடிய முன்னம் வாய்க்காலைத் திருப்பித் தண்ணீர் கட்டியிருந்தார்கள். பக்கத்துக் காணி விமலேஸ்வரி அக்காவைக் கேட்டேன்.

“மழை பெய்திருக்கும்.”

“என்ர காணியில மட்டுமோ அக்கா?”

“நீதானே வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்குப் போறனி. அம்மாளாச்சிக்கு உன்ர காணி தெரியாதே?” என்றார். அவருடைய சேலைக் கரையில் சேறு காய்ந்திருந்தது.

அப்படிக் கதைத்தவர்தான் பிறகு குசினியை விட்டு வெளியே வராமல் போனார். அடுப்பு மூட்டுவதில்லை. கோழிகளைத் திறந்து விடுவதில்லை. மத்தியானம் வரையும் கூட்டுக்குள் கிடந்து கத்தும். கிளிநொச்சியில் மருந்து எடுத்தார். மாற்றிக் கொடுத்தார்கள், கூட்டிக் கொடுத்தார்கள். நானும் நேர்ந்து நூல் கட்டிவிட்டேன். மருந்தும் கேட்கவில்லை, நூலும் இற்றுப்போயிற்று.

ஒருநாள் தன் நல்ல சேலைகளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். “எனக்கு இனி என்னத்துக்கு?”

ஓடிப்போய் அவருடைய தம்பி தில்லைநாதனிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப்போனார்.

“மருந்துக்குக் கேட்காத ஆக்களுக்கு, மயக்கிப்போட்டுத் தலைக்குக் கரண்ட் குடுக்கிற வைத்தியம் இருக்கு. கொஞ்சம் மறதி வரலாம். பெரும்பாலும் திரும்பி வரும்” என்றாராம் டொக்டர்.

அக்கா மாட்டேன் என்றுவிட்டார். ஒரே மகன் சுகிர்தன் கடைசிச் சண்டையில் காணாமற்போனவன். படங்கள் எல்லாம் இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டன. தகப்பன் முன்னமே செத்துப்போனார். தில்லைநாதன் அவனைக் கைக்குழந்தையாகக் கண்டதோடு சரி. நான் சண்டைக்குப் பிறகு இந்தக் காணிக்கு வந்தவள். வளர்ந்த பிள்ளையின் முகம் அக்காவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

அதன் பிறகு விடிந்ததும் கோழிச் சத்தத்துக்குத்தான் காது கொடுப்பேன். கூட்டுக்குள் கத்திக்கொண்டே கிடந்தால், அக்காவுக்கு என்னவோ என்று பயம்.

“அக்கா, நீங்கள் முகத்தை மறந்தாலும் அவன் உங்களைத் தெரிஞ்சுகொள்ளுவான். நீங்களே இல்லாட்டி அவன் ஆரிட்ட வாறது?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அடுத்த நாள், அந்த வைத்தியத்துக்குப் போகிறேன் என்றார்.

இப்போது கோழிகளை நான்தான் திறந்து விடுகிறேன். சாப்பிடுகிறா, நித்திரை கொள்ளுகிறா என்று தில்லைநாதன் ஆஸ்பத்திரியில் இருந்து போனில் சொல்கிறார். மகனைப் பற்றிக் கதைக்கிறாவோ என்று கேட்டால் வேறு கதைக்குப் போய்விடுகிறார். விளக்கு வைக்கும்போது அந்தக் கேள்வியை அம்மாளாச்சியிடம் கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, பரந்தன் சந்தியில் பஸ் வந்து நின்ற பிறகும் அக்கா என் கையை விடவில்லை.

“தங்கச்சி, வடிவாய்க் கேள். இடது புருவத்தில வெட்டுத் தழும்பு. சிரிக்கேக்க ஒரு கன்னத்திலதான் குழி விழும். நான் மறந்திட்டன் எண்டால் நீ சொல்லித் தா. பிள்ளை வாசலில வந்து நிக்கேக்க, ஆர் தம்பி நீர் எண்டு நான் கேட்டிடக் கூடாது.”