மூன்று மாத நெல்

யுத்த காலத்தில், வயல்கள் எத்தனை காலம் நின்றுபிடிக்கும் என்று மதிப்பிடும் வேலையாகத் தோப்பூர்ப் பக்கம் போயிருந்தேன். அங்கே சந்தித்த விவசாயி மெலிந்த, நெடிய மனிதர். வரப்பில் நின்று கதைத்த நேரமெல்லாம் வயலுக்கு முதுகைக் காட்டியபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஆள் அரவமே இல்லை.

“நல்ல மண், தண்ணியும் இருக்கு. நாலு மாச நெல் போட்டால் விளைச்சல் கூடுமே, ஐயா. ஏன் மூண்டு மாச நெல்?” என்று கேட்டேன்.

“நாலு மாசம் இங்க இருப்பமோ தெரியாது, தம்பி. போன முறை கதிர் முத்த முன்னமே ஓடினனாங்கள்.”

கையிலிருந்த மதிப்பீட்டுப் படிவத்தின் கடைசிக் கேள்வியை வாசித்தேன்: இந்த வயல் இன்னும் எத்தனை வருடம் தாங்கும்?

“வயல் தாங்கும். எங்களைப் பற்றி அதில ஒண்டும் கேக்கேல்லையோ?”

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன், இல்லை. நிமிர்ந்தபோது நானும் தெருவைப் பார்த்தபடிதான் நின்றிருந்தேன்.